நூற்று எண்பத்து நான்கு நாள் குடியிருந்தவர்

"யாரோ நடமாடுற மாதிரி இருந்துச்சு. நீதானா?"

"என்னைத் தவிர இங்க வேற யாரு இருக்கா?"

"அதான் நானும் நெனச்சேன். கடலுக்குள்ள பதினாலு நாள் இருந்துட்டு வந்தா, பூனை நடந்தாலும் முழிப்பு வந்துருது."

"தூங்குங்க. இனிமே சத்தம் வராது. எந்திச்சப்புறம் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு, கேளு. எந்திச்சதும் கேளு."

கல்யாணமான நான்காம் நாள் நடந்த பேச்சு அது. இசக்கிராஜன் எழுந்தபோது சாயங்காலமாகிவிட்டது. சித்தப்பா வீட்டு விருந்துக்கு நேரமாயிற்று. நித்திலா கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. அடுத்த முறை கரைக்கு வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தாள். அப்படி ஒத்திவைத்து ஒத்திவைத்தே பதினோரு வருடம் ஓடிவிட்டது.

அந்தப் பேச்சில், 'என்னைத் தவிர இங்க வேற யாரு இருக்கா?' என்று தான் கேட்டதே இப்போது அவளுக்கு நினைவுக்கு வந்தது. வசிப்புச் சான்று மையத்தின் நான்காம் எண் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஹெப்சிபா மேடம் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"உங்க வீட்டுல மூணு பேர் குடியிருக்கீங்கம்மா."

"ரெண்டு பேர் மேடம். நானும் அவரும்தான்."

"படிக்காரன் மூணுன்னு சொல்றான்."

படிக்காரன் என்பது ஜனங்கள் வைத்த பெயர். அரசாங்கத் தாள்களில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, யாரும் சொல்வதில்லை. ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ, எது வேண்டுமானாலும் ஒரே முகவரியில் வருடத்துக்கு நூற்று எண்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, முதலில் கரண்ட் பில்லையும் வாடகை ஒப்பந்தத்தையும் காட்டினால் போதுமாக இருந்தது. ஒரே வீட்டில் நாற்பது பேர் குடியிருப்பதாக ஒப்பந்தம் எழுதித் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அதன் பிறகுதான் ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும், தரை ஓட்டுக்கு அடியில், உள்ளங்கை அகலத்தில் ஒரு நாடாவைப் பதித்தார்கள். வீட்டுக்குள் கேமரா வைக்கக் கூடாது என்று மக்கள் சண்டை போட்டதால் அது பார்ப்பதில்லை, பேச்சைக் கேட்பதும் இல்லை. காலடியை மட்டும் அறியும். கைரேகை போல நடையும் ஆளுக்கு ஆள் வேறு. எந்தக் கால் எந்த நாளில் அந்த வீட்டில் நடந்தது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். எப்போதாவது வந்து போகிறவர்களை மட்டும் விட்டுவிடும்.

"ஆணா பெண்ணா மேடம், அந்த மூணாவது ஆளு?"

"அதெல்லாம் அதுக்குத் தெரியாது. தெரியவும் கூடாதுன்னு சட்டம். பதிவில்லாத நபர். கனமா ஊன்றி, வேகமா நடக்கிற ஆள். அவ்வளவுதான் இருக்கு." ஹெப்சிபா மிட்டாய்த் தாளை மடித்தார். "இதுல கூத்து என்னன்னா, உங்களுக்கு வருசத்துல நூத்தி அறுபத்து மூணு நாள்தான் காட்டுது. அந்த ஆளுக்கு நூத்தி எண்பத்து நாலு. அவங்க வந்து நின்னா இன்னைக்கே லைசென்ஸ் குடுத்துருவேன். உங்களுக்குத்தான் குடுக்க முடியாது."

"என் வீட்டுல என்னைவிட வேற ஒரு ஆளு அதிக நாள் இருக்கா?"

"வெளியூர் போயிருந்தீங்களா?"

"தங்கச்சி பிரசவத்துக்குக் கோவில்பட்டியில பதினெட்டு நாள் இருந்தேன். அவ்வளவுதான்." நித்திலா திரைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "எந்தெந்த நாள் அந்த ஆளு வந்துச்சுன்னு பாக்க முடியுமா?"

"வீட்டுல இருக்கிற எல்லாரும் கையெழுத்துப் போட்டாப் பாக்கலாம்."

"எல்லாரும்னா?"

"மூணு பேரும்."

"மூணாவது ஆளு யாருன்னு தெரியாமத்தானே மேடம் நான் கேக்கேன்?"

ஹெப்சிபாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நான் எழுதுன சட்டமா இது? இல்லேன்னா வீட்டுத் தலைவர் நேர்ல வரணும். அவருக்கு எல்லாம் தெரியுமே. மாசாமாசம் அவர் போனுக்குப் பதிவில்லாத நபர் நடந்த நாள் விவரம் மட்டும் போகும்லா. படிக்காரன் உங்க வீட்டுக்கு வந்து பதினாலு மாசம் ஆகுது, பதினாலு தடவை போயிருக்கும்."

நித்திலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு மாதமாக அவருக்குத் தெரியும். வீட்டில் மூன்றாவது ஆள் நடமாடுவது தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஓட்டுநர் உரிமம் அவளுக்குச் சும்மா ஆசைக்காக அல்ல. கண் மருத்துவமனைக்கு வருகிறவர்களின் பார்வையைச் சோதித்து எழுதித் தருவது அவளுக்கு ஒன்பது வருடமாக வேலை. இப்போது நடமாடும் பரிசோதனை வண்டி ஒன்று வந்திருக்கிறது. உடன்குடி, பெரியதாழை, மணப்பாடு என்று செம்மணல் குவிந்த தேரிக்காட்டு ஊர்களுக்கெல்லாம் போகும். ஊருக்குள் ஓடும் தானோட்டி வண்டிகள் அங்கே போகாது. காற்றடித்தால் செம்மண் பறந்து வந்து சாலையை மூடிவிடும், கோடு தெரியாமல் தானோட்டி நட்டநடுவில் நின்றுவிடும். அதனால் கண் சோதிப்பவரே வண்டியும் ஓட்ட வேண்டும். பதினாறு வயதில் அப்பாவின் உப்பு வண்டியை உப்பளத்துக்குள் ஓட்டிப் பழகியவள் நித்திலா. ஓட்டும் தேர்வில் ஒரே தடவையில் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது வசிப்புச் சான்று மட்டும். வருகிற சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் உரிம எண் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. இன்று திங்கள்.

பேருந்தில் வரும் வழியெல்லாம் அவள் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். இசக்கிராஜனுக்குக் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுது பார்க்கும் வேலை. பதினான்கு நாள் கடலில், பதினான்கு நாள் கரையில். சில தடவை காற்று ஒத்துவராமல் ஒன்றிரண்டு நாள் கூடும். கரையில் இருக்கும்போது பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பார். நித்திலா காலை எட்டரைக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவாள். அந்தப் பத்து மணி நேரம் வீட்டில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று அவளுக்கு என்ன தெரியும்?

கனமாக ஊன்றி வேகமாக நடக்கிற ஆள்.

வீட்டு வாசலில் முத்தரசி நின்றிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி. பெண்கள் பள்ளியில் கைப்பந்து கற்றுக்கொடுக்கிறாள். ஆறு வருடப் பழக்கம். கார்ப்பரேசன் தண்ணீர் பகலில் வந்தால் உள்ளே போய் மோட்டார் போட்டுவிட வேண்டும் என்று ஒரு சாவி அவளிடம் இருந்தது.

"என்னட்டி, மூஞ்சி உப்புக் கண்டம் மாதிரி இருக்கு? லைசென்ஸ் தரலையா?"

"ஒரு வாரம் ஆகுமாம்."

"தரட்டும், தரட்டும். முத சவாரி எனக்குத்தான். திருச்செந்தூர் கூட்டிட்டுப் போகணும் நீ." முத்தரசி சிரித்துக்கொண்டே படியேறினாள். தொம் தொம் என்று இருந்தது அவள் நடை. ஆறு வருடமாகக் கேட்ட சத்தம்தான். இன்றுதான் நித்திலா அதை எண்ணிக் கேட்டாள்.

"முத்தரசி, அந்தச் சாவியக் குடேன்."

"எதுக்கு? ஒன் சாவி தொலஞ்சுபோச்சா?"

"இல்ல. இனிமே மோட்டார நாங்களே போட்டுக்கிடுவோம்."

முத்தரசி சிரிப்பை நிறுத்தவில்லை. ஆனால் கண் சிரிக்கவில்லை. "அவரு ஊர்ல இருக்கும்போதும் நான்தான போட்டேன். அவரு அசந்து தூங்குவாரேன்னு."

"அதான் சொல்லுதேன். அவரு இருக்கும்போது நீ வரவேண்டாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று நித்திலாவுக்கு உறைத்தது. வளையத்திலிருந்து சாவியை நகத்தால் நெம்பிக் கழற்ற முத்தரசிக்கு நேரம் பிடித்தது. அதைச் சுவர்மேல் வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதன்கிழமை இசக்கிராஜன் வந்தான். முகமெல்லாம் கடல் வெயில். வந்ததும் வராததுமாகக் கூடத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தான். எப்போதும் அப்படித்தான் பார்ப்பான், வீட்டை விட்டுப் பிரிந்திருந்த ஏக்கம் என்று அவள் நினைத்திருந்தாள். இந்த முறை அந்தப் பார்வை வேறு மாதிரித் தெரிந்தது.

"யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டான்.

"யாரு வரணும்?"

"சும்மா கேட்டேன்."

"நீங்க யாரையாச்சும் எதிர்பாத்தீயளா?"

"என்ன பேச்சு இது? பசிக்கு, சோத்தப் போடு."

சாளை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான். லைசென்ஸ் என்னவாயிற்று என்று கேட்டான். தாள் ஒன்று குறைகிறதாம் என்றாள். அவன் மேலே கேட்கவில்லை. அறைக்குப் போய்ப் படுத்துவிட்டான். நித்திலா வழக்கம்போல் கூடத்தின் ஓரமாகவே நடந்து பாத்திரங்களை எடுத்துவைத்தாள்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன்பு, கோலப்பொடி டப்பாவை எடுத்தாள். கூடம் முழுக்க, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், மெல்லிசாகத் தூவினாள். கட்டில் அறை வாசல், அடுக்களையில் பின்கதவு வரை, தெருக்கதவு. பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே பஸ் ஏறினாள்.

மதியம் இரண்டு மணிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

தெருக்கதவுப் பக்கம் பொடி கலையவில்லை. வெளியிலிருந்து யாரும் வரவில்லை. ஆனால் உள்ளே ஒரே ஒருவருடைய பாதம், எங்கெங்கும். கட்டிலிலிருந்து அவளுடைய அலமாரிக்கு. அலமாரியிலிருந்து மாடத்துக்கு. அடுக்களைக்குள் போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாள் வரை. அங்கே வெகுநேரம் நின்ற மாதிரி பொடி நன்றாக அழுந்தியிருந்தது. மறுபடி ஜன்னலுக்கு. தூங்குகிறவனின் பாதம் அல்ல அது. எதையோ தேடுகிறவனின் பாதம்.

அறைக்குள் எட்டிப் பார்த்தாள். இசக்கிராஜன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. உள்ளங்கால் இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"கால் வெள்ளையா இருக்கு," என்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான். தூக்கத்தின் சுவடே அந்தக் கண்ணில் இல்லை. காலைத் தூக்கிப் பார்த்தான், விரலால் தொட்டுப் பார்த்தான். "எனக்கு மாவு தூவி வச்சிட்டுப் போனியா? எலிக்கு வைக்குற மாதிரி?"

"என் அலமாரியில என்னத்தத் தேடுனீய?"

"ஒனக்கே தெரியும்."

"யாரு அவ?"

"யாரு அவன்?"

இரண்டு கேள்வியும் ஒரே நேரத்தில் விழுந்தன. பின்பக்கத் தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

இசக்கிராஜன் தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்து அவள் மடியில் போட்டான். "பாரு. பதினாலு மாசம். பதிவில்லாத நபர். நான் கடலுக்குப் போன மறுநாள் வாரான். நான் கரைக்கு வந்த அன்னைக்குக் காணாமப் போறான். ஒரு மாசம் தப்பல. இதுக்கு என்ன பேரு, நீயே சொல்லு."

நித்திலா தேதிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டி எழுத்துகள் கலங்கின. "இந்த நாள்ல எல்லாம் வீட்டுல நான் மட்டும்தான் இருந்தேன்."

"அதத்தான் நானும் கேக்கேன். நீ மட்டும் இருந்தா கனமா நடந்தது யாரு?"

"பதினாலு மாசமா இத மனசுல வச்சிக்கிட்டா என் கையால சோறு தின்னீய?"

"கேட்டிருப்பேன். நீ ஆமான்னு சொல்லிட்டா அப்புறம் என்ன செய்யன்னு தெரியல." அவன் சுவரைப் பார்த்துப் பேசினான். "நான் தூங்குறேன்னா நெனச்ச? கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே கெடப்பேன். நீ அடிமேல அடி வச்சு, ஒளிஞ்சு போறவ மாதிரி நடப்ப. அலமாரிய சத்தமில்லாமத் தொறப்ப. ஒண்ணும் மறைக்காதவ எதுக்குட்டி அப்படி நடக்கணும்?"

உங்களுக்காகத்தான் என்று சொல்ல நித்திலாவுக்கு வாய் வரை வந்தது. இந்த நேரத்தில் சொன்னால் அது பொய் போலக் கேட்கும் என்று தோன்றியது.

"நாளைக்கு மையத்துக்கு வாங்க," என்றாள் கடைசியில். "நாள் விவரத்த அந்த மேடம் முன்னால வச்சுப் பாப்போம். அந்த ஆளு யாருன்னு எனக்கும் தெரியணும். உங்களவிட எனக்குத்தான் அதிகமாத் தெரியணும்."

வெள்ளிக்கிழமை பேருந்தில் அவன் முன்னாலும் அவள் பின்னாலுமாக உட்கார்ந்து போனார்கள்.

ஹெப்சிபா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மேசைக்கு வருகிற குடும்பங்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். "சார், உங்க அடையாள அட்டை நகல் ஒண்ணு வேணும். கீழ கடை இருக்கு, எடுத்துட்டு வந்துருங்க," என்று இசக்கிராஜனை அனுப்பினார். பிறகு திரையில் எதையோ பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"ஏம்மா, உங்களோட நாளும் அந்த ஆளோட நாளும் ஒண்ணுமேல ஒண்ணு விழவே இல்லையே. ஒரே வீட்டுல குடியிருக்கிற ரெண்டு பேர் ஒரு நாள் கூடவா சேர்ந்து இருக்க மாட்டாங்க? அந்த வாசல்ல போய் நின்னு, நடந்து வாங்க பாப்போம்."

நித்திலா எழுந்து வாசலுக்குப் போனாள். கோபமும் அசதியுமாக, வழியில் கிடந்த நாற்காலியை ஒதுக்கித் தள்ளிவிட்டு மேசைக்குத் திரும்பினாள். மேசைக்கு முன்னால் தரையில் இருந்த சோதனைப் பலகை ஒருமுறை ஒலித்தது.

ஹெப்சிபா திரையை அவள் பக்கம் திருப்பினார். *பதிவில்லாத நபர். நூற்று எண்பத்து நான்கு நாள். தகுதி உண்டு.*

"வாங்க," என்றார் ஹெப்சிபா மெதுவாக. "உங்களத்தான் தேடிட்டு இருந்தோம்."

நித்திலா அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் இசக்கிராஜன் நகலோடு உள்ளே வந்துவிட்டான். "இன்னொரு தடவை நடங்கம்மா," என்றார் ஹெப்சிபா. நடந்தாள். பலகை வேறு மாதிரி ஒலித்தது. *நித்திலா இசக்கிராஜன். நூற்று அறுபத்து மூன்று நாள். தகுதி இல்லை.*

"என்ன மேடம் இது?" என்றான் இசக்கிராஜன்.

"நீங்க இல்லாதப்ப இவங்க குதிகால ஊன்றி வேகமா நடக்காங்க சார். நீங்க வந்தா முன்பாதத்துல நடக்காங்க. அடியோட நீளம், வேகம், கனம் எல்லாமே வேற. படிக்காரனுக்கு அது ரெண்டு ஆளு." அவர் நித்திலாவிடம் திரும்பினார். "உங்க நடையப் பதிவு எடுத்த அன்னைக்கு இவர் பக்கத்துல நின்னாரா?"

"வீட்டுத் தலைவர் முன்னிலையில நடக்கணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க."

"சட்டம் சொல்லுச்சு." ஹெப்சிபா பெருமூச்சு விட்டார். "அப்ப அவர் இருக்கிறப்ப நடக்கிற ஆளைத்தான் நித்திலான்னு எழுதி வச்சிருக்கோம்."

இசக்கிராஜன் மனைவியைப் பார்த்தான். நகல் எடுத்த தாள் அவன் கையில் கசங்கியது. "எதுக்குட்டி?"

"நீங்கதான சொன்னீய. பூனை நடந்தாலும் முழிப்பு வருதுன்னு."

"நான் எப்ப சொன்னேன்?"

அவனுக்கு ஞாபகம் இல்லை. நித்திலாவுக்கு ஏனோ அதுதான், இந்த ஐந்து நாளில் நடந்த எல்லாவற்றையும்விட, அதிகமாக வலித்தது.

வழி இருக்கிறது என்றார் ஹெப்சிபா. அந்த இன்னொரு நடையையும் நித்திலாவின் பெயரில் சேர்த்துவிட்டால் போதும், உரிமம் தானாக வந்துவிடும். ஆனால் அந்த நடையில் பத்து அடி, வீட்டுத் தலைவர் முன்னிலையில் நடக்க வேண்டும்.

நித்திலா நடந்தாள். பலகை 'நித்திலா' என்றது. மறுபடி நடந்தாள். குதிகாலை ஊன்ற வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள். நான்கு தடவை. இசக்கிராஜன் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் நிற்கிற பக்கம் வந்ததும் கால் தானாக எம்பிக்கொண்டது. வரிசையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள்.

"இவர வெளிய அனுப்பிட்டு நடக்கட்டுமா?"

"சாட்சி இல்லேன்னா ஏத்துக்காதும்மா. போங்க, வீட்டுல நடங்க. உங்க கூடத்துல இருக்கிற படிக்காரனே போதும். நீங்க பத்து அடி நடக்கணும், அதே நேரத்துல அவரும் எந்திச்சு நடக்கணும். படுத்துக் கெடந்தா ஆள் இருக்கார்னே அதுக்குத் தெரியாது. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள முடிச்சிருங்க, நான் இங்கதான் இருப்பேன்."

சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து அவள் கூடத்தில் நடந்தாள். இசக்கிராஜன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். எழுந்து அவளோடு சேர்ந்து நடந்து பார்த்தான். "தடதடன்னு நடட்டி. தரை ஒடஞ்சாப் பாத்துக்கிடலாம்," என்று வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தான். ஒன்பதரைக்கு அவனுக்கும் பொறுமை போயிற்று. "வீட்டுல நடக்குறதுக்குக் கூடவா நான் சொல்லிக் குடுக்கணும்?" என்று கத்திவிட்டு, கத்தியதற்காக உடனே முகம் வாடினான். ஒவ்வொரு முறையும் போன் திரையில் அதே பெயர்தான் வந்தது. அவளுடைய பெயர்.

பத்தேமுக்காலுக்கு அவன் எழுந்தான். "நான் பாத்துக்கிட்டு இருக்கதுதான் ஒனக்குத் தடையா இருக்கு. நான் போய்ப் படுக்கேன். கண்ண மூடிக்கிடுதேன். நான் இல்லேன்னு நெனச்சு நட. நடை வந்துட்டா ஒரு சத்தம் குடு, எந்திச்சு வாரேன்."

உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னான். அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது. பிறகு அமைதி.

நித்திலா கூடத்தின் நடுவில் நின்றாள். அந்த அமைதி அவளுக்கு நன்றாகப் பழக்கம். பதினோரு வருடமாக மாதத்தில் பாதி நாள் அவள் குடியிருந்தது அதற்குள்தான். கதவு ஒருக்களித்திருக்கும், உள்ளே ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருப்பார், வெளியே ஒருத்தி தாளிக்கும்போது கடுகு அதிகம் வெடிக்காமல் பார்த்துக்கொள்வாள். அவர் தூங்கட்டும் என்று அவள் மெல்ல நடந்தாள். அவள் மெல்ல நடக்கிறாளே என்று அவர் தூங்காமல் கிடந்தார். இரண்டு பேருடைய அன்பும் ஒன்றையொன்று உளவு பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டில் முத்தரசி நடக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. தொம், தொம். யாரைப் பற்றியும் கவலை இல்லாமல். சுவர்மேல் வைத்த சாவி இப்போது ஆணியில் தொங்கியது. அந்தக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும், திறப்பாளோ மாட்டாளோ.

கடிகாரத்தில் பதினொன்று இருபது.

அவள் கால் விரல்களைப் பார்த்தாள். எம்பித்தான் நின்றிருந்தன, அவன் பார்க்காதபோதும். கண்ணை மூடிக்கொண்டு அவன் கேட்கிறான் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த வேலை போனால் போகட்டும் என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி, தேரிக்காட்டுச் செம்மண்ணில் வண்டிச் சக்கரம் புதைந்து மீளும் சத்தம் காதில் கேட்டது போலிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதைவிடப் பழையது, கல்யாணமான நான்காம் நாளிலிருந்து தொண்டைக்குள் கிடப்பது, மேலே ஏறி வந்தது.

அவர் எழுந்ததும் கேட்கலாம் என்று காத்திருந்ததுதான் தவறு. அவரை எழுப்பித்தான் கேட்டிருக்க வேண்டும்.

நித்திலா நடந்தாள். கூடத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, ஓரமாக அல்ல, நட்டநடுவாக. குதிகால் ஓட்டுத் தரையில் விழுந்த அதிர்வில் அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. ஐந்து, ஆறு, ஏழு. கதவை ஒரு தள்ளுத் தள்ளினாள், அது சுவரில் போய் மோதியது. மேசைமேல் இருந்த போன் காலையிலிருந்து ஒலிக்காத மாதிரி ஒலித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இசக்கிராஜன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். கட்டிலருகில் மூச்சு வாங்க நின்றவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"நீதானா?" என்றான்.

"நான்தான்."

அவன் கையை ஊன்றி எழ முயன்றான். அவள் குனிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரிங்க," என்றாள். "ஒரு நாள், மணப்பாடு கடற்கரை வரைக்கும், நான் வண்டி ஓட்டுறேன். நீங்க தூங்காம, எங்கூடப் பேசிக்கிட்டே, பக்கத்துல உக்காந்து வாறீயளா?"